பல்லுக்குப் பின்னால்தான் பனை

பெரியப்பா தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். வேலையில் இருந்த காலத்திலிருந்தே அவருக்கு ஒரு பழக்கம். பஸ்ஸிலோ, கல்யாண வீட்டுப் பந்தியிலோ, டீக்கடை பெஞ்சிலோ ஒரு வட்டாரச் சொல் காதில் விழுந்தால் போதும், சட்டைப்பையில் இருக்கும் குட்டி நோட்டை எடுத்து எழுதிவிடுவார். சொல், அதன் பொருள், எந்த ஊரில் கேட்டது, அவ்வளவுதான். வாரியல், அங்கணம், வெஞ்சணம், அவயம், சோலி, கோட்டி என்று அம்பாசமுத்திரத்திலும் கல்லிடைக்குறிச்சியிலும் ஆலங்குளத்திலும் நாங்குநேரிப் பக்கமும் பொறுக்கிய சொற்கள், பதினேழு நோட்டு.

போன வருஷம் அந்த நோட்டுகளை மூன்று பேர் பங்கு போட்டுக்கொண்டு தட்டச்சு செய்தார்கள். அத்தை மகள் ஒரு பங்கு, பெரியப்பாவின் பழைய மாணவர் ஒருவர் ஒரு பங்கு, பக்கத்து வீட்டுக் கல்லூரிப் பையன் ஒரு பங்கு. மூன்று ஃபைலும் வாட்ஸப்பில் எனக்கு வந்து சேர்ந்தன. கூடவே ஒரு வாய்ஸ் மெசேஜ்: "ஏல, இத அகராதி வரிசையில அடுக்கித் தா. கம்ப்யூட்டர்ல ஒனக்கு அஞ்சு நிமிச சோலிதான?"

அஞ்சு நிமிஷம்கூட ஆகாது என்றுதான் நானும் நினைத்தேன். பத்து வருஷத்துக்கு மேலாக லினக்ஸ் சர்வர்களோடு குடித்தனம் நடத்துகிறவன், லாக் ஃபைல்களை ஆக், செட் என்று வரி வரியாக டெக்ஸ்ட்டை வெட்டி மாற்றும் கமாண்டுகளில் போட்டு அலசுவதுதான் தினப்படி வேலை. ஏழாயிரத்துச் சொச்சம் வரி எல்லாம் எனக்கு ஒரு வாய்ச் சோறு. ஆனால் முடிக்கப் பதினோரு நாள் ஆனது. அதைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். கமாண்டுகளை எல்லாம் உச்சரிப்பிலேயே எழுதுகிறேன், டெர்மினலில் எப்படித் தட்டுவது என்று உங்களுக்கே தெரியும்.

முதல் நாள் ஒரு கெட்ட சகுனத்தோடுதான் தொடங்கியது. மூன்று ஃபைலையும் கேட் கமாண்டால் ஒன்றாக்கி, அந்த ஒரே ஃபைலை சார்ட் கமாண்டால் வரிசைப்படுத்தி, வெளியீட்டை ஒரு அம்புக்குறி போட்டு அதே பெயருக்கே திருப்பிவிட்டேன். விளைவு, பூஜ்ஜியம் பைட். இது எனக்குத் தெரியாத விஷயமில்லை, புதிதாக வந்த பையன்களுக்கு நானே பாடம் எடுத்திருக்கிறேன்: அம்புக்குறியைப் பார்த்ததும், கமாண்டை வாங்கி ஓட்டும் ஷெல் முதலில் அந்த ஃபைலைத் திறந்து காலி செய்துவிட்டுத்தான் சார்ட்டையே கூப்பிடும், சார்ட் வந்து பார்க்கும்போது படிக்க ஒன்றும் இருக்காது. இதற்கென்றே சார்ட்டுக்கு மைனஸ் ஓ என்று ஓர் ஆப்ஷன் இருக்கிறது. முழுவதும் படித்து முடித்த பிறகுதான் எழுதும், அதே பெயர் கொடுத்தாலும் பழுதில்லை. வாட்ஸப்பில் மூலம் இருந்ததால் பிழைத்தேன்.

அடுத்து, மூன்று பேரும் மூன்று விதமாகத் தட்டியிருந்தார்கள். அத்தை மகள் சொல்லுக்கும் பொருளுக்கும் நடுவில் ஒரு கோடு போட்டிருந்தாள், மாணவர் சமக்குறி, பையன் முக்காற்புள்ளி. செட்டில் எல்லாவற்றையும் ஒரு டேப் ஆக்கினேன். இங்கே ஒரு சின்ன வசதி: எல்லா இடத்திலும் மாற்று என்று சொல்லும் ஜியைக் கடைசியில் போடாவிட்டால் செட் ஒவ்வொரு வரியிலும் முதலில் வருவதை மட்டும்தான் மாற்றும். பொருள் விளக்கத்துக்குள் வருகிற கோடுகளுக்குச் சேதாரம் இல்லை. ஜி போடும் பழக்கம் கையோடு ஊறிப்போனவர்கள் இந்த இடத்தில் கவனமாக இருக்கவேண்டும், எனக்கு விரல் அரித்தது.

பையனுடைய ஃபைல் விண்டோஸிலிருந்து வந்தது. அதனால் ஒவ்வொரு வரியின் முடிவிலும் கண்ணுக்குத் தெரியாத ஒரு திரும்பல் குறி ஒட்டிக்கொண்டிருந்தது. அடுத்தடுத்து வரும் ஒரே மாதிரி வரிகளை ஒன்றாக்கும் யுனிக் கமாண்டுக்கு அந்தக் குறி உள்ள வரியும் இல்லாத வரியும் வேறு வேறு. இன்னொன்றும் இருந்தது. அவனுடைய ஃபைலின் முதல் வரிச் சொல் மட்டும் சார்ட் செய்தபின் கடைசிப் பக்கத்தில், ஹகரத்துக்கும் அப்பால் போய் உட்கார்ந்தது. ஃபைல் தலைப்பில் பழைய நோட்பேட் வகையறாக்கள் ஒட்டும் பைட் வரிசைக் குறிதான் காரணம். மூன்று பைட், முதல் பைட்டின் மதிப்பு 239. தமிழ் எழுத்துகள் எல்லாமே 224இல் தொடங்குகின்றன. பைட்டை வைத்து அடுக்கினால் 239 கடைசியில்தானே போகும்?

சரி, அதையெல்லாம் துடைத்துவிட்டு சார்ட் போட்டு, யுனிக்கில் மைனஸ் சி கொடுத்து எந்தச் சொல் எத்தனை தடவை வந்திருக்கிறது என்று பார்த்தால், கோட்டி என்ற சொல் இரண்டு இடத்தில் தனித்தனியாக நிற்கிறது. இரண்டுக்கும் ஒரே எழுத்து. பெரிதாக்கிப் பார்த்தேன், வித்தியாசமே இல்லை. எங்கள் ஊரில் கோட்டி என்றால் கிறுக்கு. அந்த ராத்திரி எனக்கே பிடித்துவிடும்போல இருந்தது. கடைசியில் இரண்டையும் டபிள்யூசி கமாண்டில் பைட் எண்ணிப் பார்த்தேன். ஒன்று 18 பைட், இன்னொன்று 21.

ஓகாரத்தின் துணையெழுத்தை யூனிகோடில், அதாவது ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு எண் கொடுக்கும் பொதுக் குறியீட்டில், இரண்டு விதமாக எழுதலாம். முன்னாலும் பின்னாலும் சேர்ந்த ஒரே குறியாக ஒன்று, ஏகாரக் கொம்பும் காலும் தனித்தனி இரண்டு குறிகளாக இன்னொன்று. திரையில் இரண்டும் ஒன்றாகவே விழும். எந்த கீபோர்டு எதைத் தட்டும் என்பது அவரவர் அதிர்ஷ்டம். என் மெஷினில் இருந்த அமைப்பில் சார்ட்டும் யுனிக்கும் எழுத்தைப் பார்ப்பதில்லை, பைட்டைப் பார்க்கின்றன, ஆகவே அவற்றுக்கு இது இரண்டு சொல். ஒகரம், ஓகாரம், ஔகாரம் மூன்றுக்கும் இதே கதைதான். ஐசியூ என்ற யூனிகோடு நூலகத்தோடு வரும் யூகான்வ் என்ற கருவியில் என்எஃப்சி என்ற சீராக்கலைக் கொடுத்து ஒரு தடவை ஓட்டினால் எல்லாம் சேர்ந்த வடிவத்துக்கு வந்துவிடும். தமிழ் ஃபைல் எது கையில் கிடைத்தாலும் முதல் வேலையாக இதைச் செய்வது என்று அன்றைக்கு ஒரு முடிவு எடுத்தேன். ஒரு சங்கதி மட்டும், ஔகாரத்தின் பின்பாதிக்கு ளகரத்தையே தட்டிவைக்கும் ஆட்கள் இருக்கிறார்கள், அதை எந்தச் சீராக்கலும் திருத்தாது, கிரெப் என்ற தேடும் கமாண்டைப் போட்டு ஒவ்வொன்றாகப் பார்க்கவேண்டியதுதான்.

இதோடு விட்டதா? மாணவருடைய ஃபைலில் சில சொற்களுக்கு நடுவே பூஜ்ஜிய அகல இணைப்பு நீக்கி என்று ஒரு குறி இருந்தது. கண்ணுக்குத் தெரியாது, அகலமே கிடையாது. டைப்பிங் சாஃப்ட்வேர் ஏதோ நுழைத்திருக்கிறது. நீக்குவதற்கு டிஆர் கமாண்டை எடுத்தேன், ஒரு எழுத்தை அழிக்கச் சொன்னால் அழிப்பதுதானே அதன் வேலை. அழித்தது. ஃபைலைத் திறந்தால் வீடு உடைந்திருக்கிறது, மீன் உடைந்திருக்கிறது, தீ உடைந்திருக்கிறது. மற்ற சொல்லெல்லாம் கல் மாதிரி இருக்கின்றன. ஈகாரம் வந்த இடமெல்லாம் கறுப்பு டைமண்டுக்குள் கேள்விக்குறி, ஔகாரத் துணையெழுத்து வந்த ஒன்றிரண்டு இடத்திலும் அப்படியே. மற்றபடி ஒரு எழுத்துக்கும் சேதமில்லை.

இது எனக்குப் பிடித்த புதிர். லினக்ஸில் வரும் குனு டிஆருக்கு எழுத்து என்றால் பைட். அந்த இணைப்பு நீக்கி மூன்று பைட்டாலானது: 226, 128, 140. டிஆர் அதை ஒரு எழுத்தாகப் பார்க்காமல், இந்த மூன்று பைட்டும் எங்கே தனித்தனியாகக் கிடந்தாலும் அழி என்று புரிந்துகொண்டது. ஈகாரத் துணையெழுத்து 224, 175, 128. ஔகாரத்தினுடையது 224, 175, 140. மற்ற தமிழ் எழுத்து எதிலும் அந்த மூன்றில் ஒன்றும் இல்லை. டிஆரைக் குறை சொல்ல மனம் வரவில்லை, ஆங்கிலத்துக்கு மட்டும் பிறந்த கருவி அது. அந்த வேலையைச் செட்டிடம் கொடுத்தால், லொகேல் என்ற மொழி அமைப்பு யுடிஎஃப்-8 (யூனிகோடு எண்ணைப் பைட்டுகளாக எழுதும் முறை) ஆக இருக்கும்வரை ஒழுங்காகச் செய்யும்.

இதில் எனக்கு ஒரு பழைய கதை ஞாபகம் வரும். 1986இல் ஜான் பென்ட்லி என்ற கணினி அறிஞர் ஒரு கம்ப்யூட்டர் சஞ்சிகையில் எழுதிவந்த பத்திக்காக இன்னொரு கணினி அறிஞரான டொனால்டு நூத்திடம் ஒரு கணக்குக் கொடுத்தார்: ஒரு ஃபைலில் அதிகம் வரும் சொற்களை எண்ணிக்கையோடு அச்சிடவேண்டும். நூத் பத்துப் பக்கத்துக்கு மேல் ஓர் அழகான புரோகிராம் எழுதினார். அதை விமர்சிக்க வந்தவர் டக் மெக்கில்ராய், பெல் லேப்ஸில், லினக்ஸுக்கு முன்னோடியான யூனிக்ஸுக்குப் பைப் (ஒரு கமாண்டின் வெளியீட்டை அடுத்ததுக்கு ஊட்டும் வசதி) வேண்டும் என்று வருஷக்கணக்காக வற்புறுத்தி 1973இல் கென் தாம்ப்சனைச் செய்யவைத்தவர். அவர் நூத்தின் வேலையைப் பாராட்டிவிட்டு, அதே காரியத்துக்கு ஆறே கமாண்ட் எழுதிக் காட்டினார். டிஆரில் சொல்லுக்கு ஒரு வரியாகப் பிரி, டிஆரில் எல்லாவற்றையும் சின்ன எழுத்தாக்கு, சார்ட், யுனிக் மைனஸ் சி, எண்ணிக்கைப்படி தலைகீழாக மறுபடியும் சார்ட், செட்டில் வேண்டிய அளவுக்கு மட்டும் நறுக்கு.

யூனிக்ஸ் ஆட்கள் இந்தக் கதையைச் சொல்லும்போது முகத்தில் ஒரு பெருமை வரும், எனக்கும் வரும். ஆனால் அந்த ஆறில் முதல் இரண்டைத் தமிழுக்கு அப்படியே போட முடியாது. இரண்டாவது தேவையே இல்லை, நமக்குப் பெரிய எழுத்து சின்ன எழுத்து என்று கிடையாது. முதலாவதுக்குப் பதிலாக கிரெப்பில் மைனஸ் ஓவும் மைனஸ் பெரிய பியும் கொடுத்து, தமிழ் வரிவடிவத்தைச் சேர்ந்த எழுத்துகள் தொடர்ந்து வருகிற துண்டை எல்லாம் எடு என்று சொல்லலாம், யூனிகோடில் எந்த எழுத்து எந்த வரிவடிவம் என்ற விவரம் கிரெப்புக்குத் தெரியும். இணைப்பு நீக்கி முன்கூட்டியே போய்விட்டிருக்க வேண்டும், இல்லாவிட்டால் சொல் அங்கே முறியும். பிறகு மிச்ச நாலும் மெக்கில்ராய் எழுதியபடியே ஓடும்.

வரிசைக்கு வருகிறேன். எல்லாம் துடைத்துப் பெருக்கி, லொகேலைச் சி (வெறும் பைட் வரிசை) ஆக்கி சார்ட் போட்டு, அச்சுக்குத் தோதாக ஒரு பிடிஎஃப் செய்து பெரியப்பாவுக்கு அனுப்பினேன். மறுநாள் காலை ஆறு மணிக்குப் போன்.

"என்னல இது? அக்கா எங்க?"

"எந்த அக்கா பெரியப்பா?"

"அகத்தி, அகப்பை, அகல், அகில்னு எல்லாம் வந்த பெறகு அக்கா வருது. மெய்யில்லா முதல்ல வரணும்? அக்கன்னாவ முடிச்சிட்டுத்தான் அககரத்துக்கு வரணும். எந்த அகராதியிலல இப்படிப் பாத்த? அப்புறம் பனை. பானாவுல பனைய மொதல்ல வச்சிருக்க. பல்லுக்குப் பின்னாலதான பனை?"

போனை வைத்துவிட்டு ஃபைலைத் திறந்தேன். நான் அடுக்கித் தந்தது: பனை, பறவை, பல், பள்ளம், பழம், பவளம். அவர் கேட்பது: பல், பவளம், பழம், பள்ளம், பறவை, பனை. ய ர ல வ ழ ள ற ன. ஒன்றாம் வகுப்பில் கைகட்டி நின்று ஒப்பித்தது. இத்தனை வருஷம் சார்ட் போட்டிருக்கிறேன், ஒரு நாளும் தமிழைப் போட்டுப் பார்க்கவில்லை என்பது அந்தக் காலையில்தான் உறைத்தது.

ஏன் இப்படி வருகிறது? யுடிஎஃப்-8ஐ 1992 செப்டம்பரில் கென் தாம்ப்சனும் ராப் பைக்கும் வடிவமைத்தார்கள், நியூஜெர்ஸியில் ஒரு சாப்பாட்டுக் கடையில் தட்டுக்கு அடியில் போடும் காகிதத்தில் தாம்ப்சன் அதை வரைந்ததாக பைக்கே எழுதியிருக்கிறார். அதில் ஒரு நல்ல குணம் உண்டு: பைட் வரிசையும் யூனிகோடு எண் வரிசையும் ஒன்றே. ஆகவே சார்ட் பைட்டைப் பார்த்து அடுக்கினால் யூனிகோடு எண்படி அடுக்கியதாகிறது. அந்த எண் வரிசை தமிழுக்கு எங்கிருந்து வந்தது என்பதுதான் விஷயம். இந்திய மொழிகளுக்கான கட்டங்களை யூனிகோடு 1988ஆம் வருஷத்து இஸ்கி என்ற இந்தியக் குறியீட்டு முறையைப் பின்பற்றி அமைத்தது. இஸ்கியில் எல்லா மொழிக்கும் ஒரே அச்சு. தேவநாகரியில் எந்த எழுத்து எந்த இடமோ, மற்ற மொழியில் அதற்கு நிகரான எழுத்துக்கும் அதே இடம். நிகரில்லாத இடம் காலி. நம்முடைய னகரம் நகரத்துக்குப் பக்கத்தில் ஒட்டுக்குடித்தனம், றகரம் ரகரத்துக்குப் பக்கத்தில், ழகரம் ளகரத்துக்கு அடுத்து. ச வருக்கத்தின் நடுவில் ஜகரம் வந்து உட்கார்ந்திருப்பதும் அதனால்தான். ஆய்தம் அகரத்துக்கும் முன்னால். புள்ளி, எல்லாத் துணையெழுத்துக்கும் பின்னால், ஆகவே கௌவுக்கும் பிறகுதான் க் வரும்.

ஆக, பெரியப்பா அடித்த திட்டு நியாயமானது, ஆனால் திட்டு வாங்கவேண்டியது நான் மட்டுமில்லை. யூனிகோடு தரப்பில் இதற்குப் பதில் உண்டு: எண் வரிசை வேறு, அகராதி வரிசை வேறு, அடுக்குவதற்கென்று தனியாக ஒரு முறையை வகுத்து வைத்திருக்கிறோம், அதைப் பயன்படுத்து. நியாயம்தான். லொகேலைத் தமிழாக்கினால் சார்ட் அந்த மாதிரி அட்டவணையைப் பார்த்து அடுக்கும். ஆனால் அட்டவணை மெஷினுக்கு மெஷின், பதிப்புக்குப் பதிப்பு மாறுகிறது. எனக்கு என் லேப்டாப்பிலும் மாணவருடைய மேக்கிலும் பையனுடைய உபுண்டுவிலும் ஒரே மாதிரி வரவேண்டும், ஏனென்றால் இனிமேல் சொல் சேர்க்கப்போவது அவர்கள்தான். தவிர, அட்டவணை எழுதியவர் யாரென்று எனக்குத் தெரியாது, பெரியப்பாவைத் தெரியும். அவர் சொன்ன வரிசையை நானே எழுதிவிடுவது என்று தீர்மானித்தேன்.

ஒரு முழுச் சனிக்கிழமை அவரோடு போனில் பேசி வரிசையை வாங்கினேன். உயிர் பன்னிரண்டு, பிறகு ஆய்தம், பிறகு மெய் பதினெட்டு, கிரந்தம் கடைசி. புள்ளி வைத்தது அகரமேறியதற்கு முந்தி. இதை ஒரு சாவியாக்குவதுதான் யோசனை: ஒவ்வொரு சொல்லுக்கும் முன்னால் அதன் வரிசையைச் சொல்லும் ஒரு எண்கோவையை ஒட்டு, அந்தக் கோவையை வைத்து அடுக்கு, அடுக்கிய பிறகு கோவையை வெட்டிப் போட்டுவிடு. பெர்ல் என்ற மொழியில் புரோகிராம் எழுதுகிறவர்கள் ராண்டல் ஷ்வார்ட்ஸ் பெயரால் இதை அழைப்பார்கள். ஆக்கில் ஒட்டி, சார்ட்டில் அடுக்கி, கட் கமாண்டில் வெட்டினால் ஆயிற்று.

சிக்கல் ஒரே இடத்தில்தான். யூனிகோடில் க என்பது ஒரே குறி, அதற்குள் அகரம் ஒளிந்திருக்கிறது. க் என்பதோ அந்தக் குறியோடு புள்ளி சேர்ந்த இரண்டு குறி. இலக்கணத்தில் நேர் எதிர்: மெய்தான் அடிப்படை, அதில் உயிர் ஏறினால் உயிர்மெய். வரிசை இலக்கணப்படி வரவேண்டுமானால் ஒளிந்திருக்கும் அகரத்தை வெளியே இழுக்கவேண்டும். முதலில், மெய்க்குப் பிறகு துணையெழுத்து வராவிட்டால் ஓர் அகரக் குறி சேர் என்று செட்டில் எழுதினேன். மரம் என்ற சொல்லில் மகரத்துக்கு மட்டும் சேர்ந்தது, ரகரத்துக்குச் சேரவில்லை. மகரத்துக்கு அடுத்து என்ன இருக்கிறது என்று பார்ப்பதற்காக ரகரத்தையும் அந்தப் பொருத்தமே விழுங்கிவிட்டது, அடுத்த தேடல் அதைத் தாண்டித்தான் தொடங்கும். கொஞ்ச நேரம் தலையைச் சொறிந்த பிறகு தோன்றியது, தலைகீழாகச் செய்தால் என்ன? விதிவிலக்கில்லாமல் எல்லா மெய்க்கும் பின்னால் அகரக் குறியைச் சேர்த்துவிடு. பிறகு, எந்த அகரக் குறிக்கு அடுத்துத் துணையெழுத்தோ புள்ளியோ இருக்கிறதோ அந்த அகரக் குறியை மட்டும் எடுத்துவிடு. இரண்டே வரி செட், ஒரு குழப்பமும் இல்லை. இந்த இரண்டு வரியில் எனக்கு இருக்கிற கர்வம், சம்பளத்துக்கு எழுதிய எதிலும் இல்லை.

அதன்பின் ஒவ்வொரு குறிக்கும் இரண்டு இலக்கம். புள்ளிக்கு 00. அகரம் முதல் ஔகாரம் வரை 01 முதல் 12, தனி உயிரானாலும் துணையெழுத்தானாலும் அதே எண். ஆய்தம் 13. க 14, ங 15, ச 16 என்று போய் ற 30, ன 31, அதற்குமேல் கிரந்தம். அக்கா என்றால் 01 14 00 14 02. அகப்பை என்றால் 01 14 01 22 00 22 09. மூன்றாவது ஜோடியில் 00, 01ஐ முந்துகிறது, அக்கா அகப்பைக்கு முன்னால் போய் உட்காருகிறாள். பெரியப்பா கேட்டதும் இதைத்தானே.

பையனுடைய மெஷினில் ஓட்டியபோது சாவி எல்லாம் உளறலாக வந்தது. உபுண்டுவில் ஆக் என்று கூப்பிட்டால் வருவது மாக் என்ற குட்டி வகை, அது பைட் பைட்டாகத்தான் பார்க்கும். தமிழ் என்ற சொல்லுக்கு நீளம் கேட்டால் 15 என்கும். காக் என்ற குனு வகையைக் கேட்டால் 5 என்கும். நம் கணக்கில் எழுத்து மூன்று, அதைச் சொல்ல இரண்டுக்கும் தெரியாது. அந்தக் காக் வகையை நிறுவியதும் சரியானது. ஆக் என்ற பெயரின் கடைசி எழுத்துக்குச் சொந்தக்காரரான பிரையன் கெர்னிகன், எண்பது வயதில், 2022இல் தன்னுடைய மூல ஆக்குக்கு யுடிஎஃப்-8 சேர்த்தார். அதனால் இப்போது புது மூல ஆக்கிலும் இது ஓடும். எண்பது வயதில் நாற்பத்தைந்து வருஷத்துக்கு முந்தைய தன் கோடைத் திறந்து திருத்தும் மனுஷனை எனக்கு ரொம்பப் பிடிக்கிறது.

இன்னொரு தடவையும் சறுக்கினேன். சாவி எண்ணாயிற்றே என்று பழக்க தோஷத்தில் சார்ட்டுக்கு மைனஸ் என் கொடுத்தேன். ஓரெழுத்துச் சொல்லெல்லாம் முதல் பக்கத்திலும், நீளமான சொல்லெல்லாம் கடைசியிலும் போய் நின்றன. எண்ணாகப் பார்த்தால் இலக்கம் கூடினால் பெரிய எண்தானே. இங்கே இலக்கம் எழுத்துக்குப் பதிலாக நிற்கிறது, எழுத்தாகவே ஒப்பிடவேண்டும். மைனஸ் என்னை எடுத்துவிட்டு, லொகேலை சி ஆக்கி, முதல் பத்தியை மட்டும் பார் என்று மைனஸ் கே ஒன்று கமா ஒன்று கொடுத்தேன். அந்தக் கமா ஒன்றை விட்டுவிட்டால் முதல் பத்தியிலிருந்து வரி முடிவுவரை எல்லாவற்றையும் சாவியாக எடுத்துக்கொள்ளும், பலர் இதில் வழுக்கி விழுந்திருக்கிறார்கள்.

வேலையோடு வேலையாக ஒரு உபரி லாபமும் கிடைத்தது. பெரியப்பா பொருள் விளக்கத்திலேயே நிறைய வட்டாரச் சொற்களைப் போட்டு எழுதியிருப்பார், ஆணம் என்பதற்கு விளக்கம் எழுதும்போது வெஞ்சணத்தை இழுப்பார். அப்படி விளக்கத்தில் வந்தும் தனிப் பதிவு இல்லாத சொற்கள் எவை? விளக்கப் பத்தியை மட்டும் கட்டில் எடுத்து, கிரெப்பில் சொல் சொல்லாக உடைத்து, ஒரே சொல் ஒரு தடவை மட்டும் வரும்படி சார்ட் மைனஸ் யு. தலைச்சொல் பத்தியும் அப்படியே. இரண்டையும் காம் என்ற ஒப்பிடும் கமாண்டில் கொடுத்து, முதல் பட்டியலில் மட்டும் இருப்பதைக் காட்டு என்றேன். முதலில் ஃபைல் வரிசையில் இல்லை என்று முறைத்தது. ஒன்றை ஒரு லொகேலிலும் மற்றதை இன்னொரு லொகேலிலும் அடுக்கியிருந்தேன், காமுக்கு இரண்டு பக்கமும் ஒரே தராசு வேண்டும். சரிசெய்து ஓட்டினால் நீளமான பட்டியல் வந்தது, பெரும்பாலும் சாதாரணச் சொற்கள். ஆனால் நடுநடுவே கொதவளை, மச்சு, பைய என்று முப்பது நாற்பது தேறியது. அவருக்கு அனுப்பினேன். "இதெல்லாம் எழுதலியா நானு?" என்று அவரே ஆச்சரியப்பட்டார்.

ஒரு விஷயத்தில் மட்டும் நான் தோற்றேன். வெஞ்சணம், வெஞ்சனம் என்று இரண்டு பதிவு இருந்தது, டண்ணகரம் ஒன்றில், றன்னகரம் ஒன்றில். தட்டச்சுப் பிழை என்று நினைத்து ஒன்றாக்கிவிட்டேன். அவர் கண்டுபிடித்துவிட்டார். "ரெண்டு நோட்டுல ரெண்டு மாதிரி எழுதியிருக்கேன்னா காரணமாத்தான் எழுதியிருப்பேன். ஊர்ப் பேரப் பாத்தியா?" பார்த்தேன். ஊர் வேறு வேறாகத்தான் இருந்தது. அவர் காதில் அப்படி விழுந்திருக்கிறது, நான் யார் அதைச் சேர்த்து வைக்க? இரண்டும் திரும்பிப் போய் அததன் இடத்தில் உட்கார்ந்தன.

பதினோராம் நாள் ராத்திரி கடைசிப் பிடிஎஃப் அனுப்பினேன். அவசரத்தில் கட் கமாண்டை விட்டுவிட்டிருக்கிறேன், ஒவ்வொரு சொல்லுக்கும் முன்னால் சாவியும் அச்சாகிப் போய்விட்டது. காலையில் எழுந்துதான் கவனித்தேன். மன்னிப்புக் கேட்டு, அது என்ன எண் என்று இரண்டு வரியில் விளக்கி, புது ஃபைலை அனுப்பினேன். பதில் இல்லை. மத்தியானம்வரை பேச்சே இல்லை, மறுபடியும் ஏதோ தப்பு என்றுதான் நினைத்தேன். சாயங்காலம் நாலு மணிக்கு வாட்ஸப்பில் ஒரு செய்தி வந்தது, வெறும் எண்கள்.

16012503

அட்டவணையை எடுத்து வைத்துக்கொண்டு பார்த்தேன். 16 என்றால் ச, 01 அகரம், 25 ரகரம், 03 இகரம்.